நிச்சயத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமா? மாத்திரை டப்பாவோடு வந்த ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். வயது 28, கோவையில் வேலை. இரண்டரை வருடக் காதல். இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்து, தை மாதம் நிச்சயம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் 14 மாதமாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எடுக்கிறீர்கள். அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். "இப்ப வாயைத் திறக்காதே, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பது அவர் கட்சி. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு பி-காம்ப்ளெக்ஸ் டப்பாவில் போட்டு ஹேண்ட்பேகில் வைத்திருக்கிறீர்கள். காதலரிடம் இதைச் சொல்ல வேண்டுமா, சொல்வதென்றால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "சொன்னதுக்கு அப்புறம் அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிடுமா?" என் கணிப்பில் உங்கள் கேள்வியே அந்த வரிதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் மனநலச் சமூகப் பணியாளர். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. வக்கீலும் இல்லை. திருச்சிப் பக்கம் 18 வருடமாக நோயாளியோடு கூட வருகிறவர்களிடம் பேசுவதுதான் என் வேலை. கணவன், மனைவி, மாமியார், சில சமயம் நிச்சயம் செய்த மாப்பிள்ளை. அதனால் "சொல்கிறவர்" பக்கத்தை விட "கேட்கிறவர்" பக்கம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். கீழே நான் சொல்லும் ஆட்கள் எல்லோரும் அடையாளம் மாற்றப்பட்டவர்கள்.

அவருக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்கள். இரண்டரை வருடம் கூடப் பழகியவருக்குத் தெரியாமல் இருக்காது. வேறு பெயரில் தெரிந்திருக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: போன மே மாதம் ஒன்பது நாள் நீங்கள் அவர் போனை எடுக்கவில்லை, கேட்டதற்கு "ஆபீஸ்ல வேலை" என்றீர்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் மூச்சு முட்டி, விரல் எல்லாம் மரத்துப்போய், கிணத்துக்கடவிலேயே இறங்கியபோது "அசிடிட்டி" என்றீர்கள். அவர் வெயிலில் ஓடிப்போய் ஜெலுசில் வாங்கி வந்தார். அவருடைய நண்பர் கல்யாணத்துக்குப் புடவை கட்டி, பூ வைத்து, கிளம்புகிற நேரத்தில் தலைவலி என்று படுத்துவிட்டீர்கள். இதெல்லாம் அவர் மனதில் எங்கேயோ சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது, தப்பான தலைப்பில். மூடு சரியில்லாதவள், கோபக்காரி, என் நண்பர்களைப் பிடிக்காதவள், ஒருவேளை என்னையே அவ்வளவாகப் பிடிக்காதவள். எங்கள் அறையில் ஒரு பெண் தன் நோயைச் சொல்லி முடித்ததும், அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "அப்ப அந்த மூணு மாசம் என் மேல வெறுப்பு இல்லையா?" அவன் அந்த மூன்று மாதத்தையும் அப்படித்தான் கணக்கில் வைத்திருந்தான்.

அதனால் நோயின் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். "எனக்கு டிப்ரஷன் இருக்கு" என்று தொடங்கினால், அந்தச் சொல்லுக்கு அவர் மனதில் ஏற்கெனவே என்ன படம் இருக்கிறதோ அதுதான் முதலில் வந்து உட்காரும். சினிமாவில் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டலடித்தது. (1794-இல் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய சென்னை மனநல மருத்துவமனை. அங்கே குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். நமக்கோ அந்த ஊர்ப்பெயரே வசை.) அவர் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். கிட்டத்தட்ட இப்படி: "மே மாசம் ஒம்பது நாள் நான் போனை எடுக்கலையே, ஞாபகம் இருக்கா? நீ கோபம்னு நினைச்சே. அது கோபம் இல்ல. எந்திரிச்சுப் பல் விளக்கவே முடியாம படுத்திருந்தேன். யார்கிட்டயும் பேச முடியல, உன்கிட்ட மட்டும் இல்ல. அதுக்குப் பேரு மனச்சோர்வுன்னு டாக்டர் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல மாத்திரை எடுக்கறேன். இப்ப நல்லா இருக்கேன். பஸ்ல நடந்ததும் அசிடிட்டி இல்ல." அவ்வளவு போதும். முதல் நாளிலேயே பத்தாம் வகுப்பு முதல் பட்டியல் வாசிக்க வேண்டியதில்லை. மன்னிப்பு கேட்கவும் வேண்டாம். "உன்னை ஏமாத்திட்டேன்" என்று நீங்களே ஆரம்பித்தால், ஏமாந்தவர் வேடத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இடம், நேரம் சின்ன விஷயமாகத் தெரியும். என் அனுபவத்தில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்வது கடினம். அவர் முகத்தில் ஒவ்வொரு அசைவையும் உங்கள் பதற்றம் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொல்லலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள் அவருக்குப் பாதி கேட்காது, கேட்ட பாதி வண்டி ஓட்டுவதற்கு ஆபத்து. பக்கத்தில் பக்கத்தில் நடப்பது நல்லது. உங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை இருக்கிறதே, ஞாயிறு காலையில் இரண்டு சுற்று. நடந்தால் பேச்சு நின்றுபோகும் இடங்கள் அவ்வளவு உறுத்தாது. வாட்ஸப்பில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். நீல டிக் வந்த பிறகு பதில் வராத நாற்பது நிமிடத்தை உங்களால் தாங்க முடியாது. தவிர, எழுத்து ஸ்கிரீன்ஷாட் ஆகும். சண்டை நடுவிலோ, பதற்றம் ஏறிக் கை நடுங்கும்போதோ சொல்ல வேண்டாம். நிச்சயத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால், அவர் யோசிக்க முடியாத இடத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். அது நியாயமும் கூட.

இரண்டாவது அல்லது மூன்றாவது பேச்சில், பதற்றமோ மனச்சோர்வோ வரும்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான துணைவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்கத் தெரியாமல் கேட்கிறார்கள். பஸ்ஸில் வந்தது பேனிக் அட்டாக் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் தணியும். உயிரை எடுக்காது, ஆனால் வருகிறவருக்கு இதோ செத்துப்போகிறோம் என்றே தோன்றும். பார்க்கிறவர் பதறினால் இன்னும் நீளும். நம் ஊரில் யாராவது மயங்கினால் போதும், வலிப்போ பயமோ விசாரிப்பதில்லை, யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், யாரோ தண்ணீர் அடிப்பார். உங்களுக்கு எது உதவும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒருத்திக்குக் கையைப் பிடிக்கணும், இன்னொருத்திக்குத் தொடவே கூடாது. "ஒண்ணும் சொல்லாதே, பக்கத்துல உக்காரு, நான் மூச்சு விடறதை நீயும் மெதுவா விடு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மனச்சோர்வு நாட்களுக்கும் ஒன்று. நீங்கள் போன் எடுக்காதபோது ஒரே ஒரு எழுத்து அனுப்புவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடிக்கு அது ஒரு புள்ளி. வெறும் முற்றுப்புள்ளி. அது வந்தால் "இருக்கேன், பேச முடியல, உன் மேல ஒண்ணும் இல்ல" என்று அர்த்தம்.

சொல்லத்தான் வேண்டுமா என்றால், கல்யாணம் வரை போகிற உறவில் நிச்சயத்துக்கு முன் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, நடைமுறைக்காகச் சொல்கிறேன். ஒரே வீட்டில், ஒரே பாத்ரூமில், தினமும் ஒரு மாத்திரையை வருடக்கணக்கில் மறைப்பது முழுநேர வேலை. ஒரு கணவர் என்னிடம் வந்தார். கல்யாணம் ஆகிப் பத்து மாதம், சூட்கேஸ் ஓரத்தில் மாத்திரை அட்டை கிடைத்திருக்கிறது. "மாத்திரை எனக்குப் பிரச்சனையே இல்ல சார். தினம் ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போடாம உள்ள போயிட்டு வருவா. நான் தூங்கறேன்னு நினைச்சு. அதை நினைச்சாத்தான்…" என்று நிறுத்தினார். மறைத்த பக்கமும் லேசானதில்லை. தாலி ஏறப்போகிறது, புது வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு மாத்திரையைத் தானாகவே நிறுத்துகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் மேசைக்கு வருகிறார்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், தூக்கம் கெடும், கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும். வரவேற்பு மேடையில் போட்டோவுக்கு நின்றபடியே இதைத் தாங்கிய ஒரு பெண்ணைத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டிருக்கும் ஆல்பத்தை என்னிடம் காட்டினாள்.

ஆனால் "எல்லோரும் சொல்லிவிட வேண்டும்" என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சில வருடங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று ஒரு பெண்ணை வற்புறுத்தி, அவள் காதலனை வரவழைத்து, என் முன்னாலேயே சொல்ல வைத்தேன். அவன் ரொம்ப அமைதியாகத் தலையாட்டினான். அப்புறம் எட்டு மாதம், ஒவ்வொரு சண்டையிலும் "மாத்திரை போட்டியா? போட்டுட்டு வந்து பேசு" என்பதுதான் அவனுடைய கடைசி வாக்கியம். அவன் அவளுடைய போன் பாஸ்வேர்டு கேட்டு வாங்கியவன், யாரோடு பேசினாய் என்று தினமும் விசாரிக்கிறவன் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதை. எனவே உங்களிடம் கேட்கிறேன்: நீங்கள் நம்பிச் சொன்ன வேறு ஏதாவது ரகசியத்தை, வீட்டுக் கடன், அப்பாவின் குடி, எதுவோ ஒன்றை, கோபத்தில் அவர் எப்போதாவது எடுத்து வீசியிருக்கிறாரா? கை ஓங்கியிருக்கிறாரா? ஆம் என்றால், இந்தப் பதிலின் மற்ற பகுதி உங்களுக்கு இல்லை. அங்கே யோசிக்க வேண்டியது கல்யாணத்தைப் பற்றி. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை, ஜெலுசில் வாங்க ஓடியவர் என்றுதான் தெரிகிறது. ஆனாலும் நான் படித்தது ஒரு பக்கக் கடிதம்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு பயம் எழுதியிருந்தீர்கள், மறைத்தால் கல்யாணம் செல்லாதா என்று. உறுதியாகச் சொல்லக்கூடியது: 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு மனநோய் உள்ள யாரும் மணக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சம்மதம் கொடுக்கவே இயலாத நிலை, அல்லது இல்லறத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் தகுதியில்லாத அளவுக்கான மனநோய், அல்லது திரும்பத் திரும்ப வரும் சித்தப்பிரமை, இவற்றைத்தான் அது சொல்கிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் அளவுதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றமும் 1988-இல் ஒரு விவாகரத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் பேசப்பட்டது ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு, உங்களுடையதை விடக் கடுமையான நோய். மாத்திரை எடுத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வருகிற உங்களை இந்தப் பிரிவு தொடாது. சந்தேகமான பகுதி 12-ஆவது பிரிவு. முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கினால், அது தெரிந்த ஒரு வருடத்துக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். சிகிச்சையில் இருக்கும் மனச்சோர்வு அந்த "முக்கியமான உண்மை"க்குள் வருமா என்பது வழக்கைப் பொறுத்தது. அதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள். வேறு மதம் என்றால் சட்டமும் வேறு. இன்னொன்றும் உறுதி: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி அவரோ அவர் வீட்டாரோ வந்து கேட்டால், நீங்கள் சம்மதிக்காமல் டாக்டர் வாய் திறக்கக் கூடாது.

அவர் கேட்கப்போகும் மருத்துவக் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். மறுபடி வருமா? வரலாம். முதல்முறை வந்து குணமானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருகிறது. அந்தப் பாதியில் நீங்கள் இருப்பீர்களா என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரையைத் தொடரச் சொல்வது இந்த மறுவரவைக் குறைக்கத்தான். "இனி வரவே வராது" என்று மட்டும் அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு வருமா? பெற்றோர், கூடப் பிறந்தவர் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால் அபாயம் மற்றவர்களை விட இரண்டு முதல் மூன்று மடங்கு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மீதி வாழ்க்கை. கர்ப்பத்தில் மாத்திரை? இதில் நான் பேசக் கூடாது, ஆனால் ஒன்று சொல்லலாம்: குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரைப் பாருங்கள், நாள் தள்ளிப்போனதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திரும்பி வருகிற மனச்சோர்வும் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்தான்.

நான்காவது ஒன்று உண்டு. அதை அவர் கேட்க மாட்டார், உங்கள் டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் அதைப் பேச நம் ஊர் மருத்துவர்கள் கூசுகிறார்கள். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் தாம்பத்திய ஆசையைக் குறைக்கலாம், உச்சத்தைத் தள்ளிப்போடலாம். எல்லோருக்கும் இல்லை, ஆனால் அரிதும் இல்லை. தெரியாத புதுக் கணவன் அதைத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே படிப்பான். தெரிந்தால் மருந்தளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று இருவரும் போய்க் கேட்கலாம், பல நேரம் வழி கிடைக்கிறது. ரேஸ் கோர்ஸ் முதல் சுற்றிலேயே இதைச் சொல்ல வேண்டாம். ஆனால் கல்யாணத்துக்கு முன் ஒருநாள் சொல்லிவிடுங்கள்.

"சர்க்கரைக்கு மாத்திரை போடற மாதிரிதான் இதுவும்" என்று விளக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை தருவார்கள். மாத்திரையைப் பற்றிய பயத்தைப் போக்க அது உதவும். எனக்கு அந்த ஒப்பீட்டில் முழுத் திருப்தி இல்லை. சர்க்கரை யாரையும் ஒன்பது நாள் போனை எடுக்காமல் இருக்கச் செய்யாது. உறவுக்குள் வந்து உட்காரும் நோய் இது என்பதை மறைத்துவிடுகிறது அந்த உவமை.

என்ன சொல்வார்? அதை யாரும் கணிக்க முடியாது. ஆனால் வழக்கமாக வருகிறவை சில. "உனக்கு என்ன குறை?" இதைக் கேட்டு உடைந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அறியாமை, கல்நெஞ்சம் இல்லை. "என்னாலயா?" இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். சிலர் ஒன்றும் பேசாமல், ராத்திரி முழுக்க இணையத்தில் தேடிவிட்டு, அடுத்த நாள் சிவந்த கண்ணோடு வந்து நிற்பார்கள். நல்ல அறிகுறிதான், ஆனால் என்ன படித்தார் என்று கேட்டு வையுங்கள். எதிர்பாராத ஒன்று அடிக்கடி நடக்கும்: "எங்க சித்தியும் இப்படித்தான் படுத்தே இருப்பாங்க" என்று அவர் வீட்டுக் கதை வெளியே வரும். வியப்பில்லை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளானவர். தமிழ்நாடும் அந்தக் கணக்கில் இருந்தது. சித்தப்பா, பெரியம்மா என்று எண்ணினால் எந்தக் குடும்பமும் இருபதைத் தாண்டிவிடும்.

நான் உண்மையில் பயப்படுகிற பதில் வேறு. அது இனிமையாக இருக்கும். "நான் இருக்கேன்ல, இனிமே உனக்கு மாத்திரை எதுக்கு?" அன்றைக்கு உங்களுக்குக் கண்ணீர் வரும், அப்படியே தலையாட்டத் தோன்றும். ஆட்டாதீர்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்று நம் பாட்டிமார் கேலியாகச் சொன்னதை, இவர் காதலாகச் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். தன்னை மருந்தாக நினைத்துக்கொண்டவர், அடுத்த முறை நீங்கள் படுத்துவிட்டால் தான் தோற்றுவிட்டதாக நினைப்பார். தோற்றவருக்குக் கோபம் வரும். "நீ இருக்கறது எனக்குப் பெரிய விஷயம். மாத்திரையும் இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உங்கள் எதிரிலேயே அவர் தன் சந்தேகங்களைக் கேட்கட்டும். இருபது நிமிடம் போதும்.

அப்புறம் உங்கள் பதற்றம் செய்யப்போகும் வேலை ஒன்று உண்டு. சொன்ன மறுநாளிலிருந்து "உனக்கு ஓகேதானே?", "நிஜமா ஓகேவா?", "ஏன் இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கத் தோன்றும். "ஓகே" என்று அவர் சொன்னதும் பத்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும். பதற்றம் வேலை செய்கிற விதமே அதுதான், உறுதிமொழி கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்கும். இருபதாவது முறை அவர் எரிந்து விழுவார், "பாத்தியா, பார்வை மாறிடுச்சு" என்று உங்கள் மனம் தீர்ப்பு எழுதிவிடும். நோயைச் சொன்னதால் பிரிந்தவர்களை விட, சொன்ன பிறகு இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு களைத்துப்போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை கேட்டால் பதில் சொல், இரண்டாம் முறை கேட்டால் "இது பதற்றம் கேக்கற கேள்வி, எனக்குக் கேக்குது"ன்னு சொல்லு, போதும் என்று. அதேபோல, துணை ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் மனச்சோர்வு திரும்ப வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவரைப் புத்தர் ஆக்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் வரட்டும், நோயை வைத்துக் குத்தாமல் இருந்தால் போதும்.

வீட்டாருக்குச் சொல்வது தனி விஷயம், அவசரமும் இல்லை. முதலில் அவர், அப்புறம் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். மாமா மூலமாக, தரகர் மூலமாக இந்தச் செய்தியை அனுப்புவதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பையன் நல்லெண்ணத்தோடு தாய்மாமாவிடம் சொல்லி அனுப்பினான், தூக்கம் வராமல் மாத்திரை எடுத்தேன் என்று. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் அது "மூளையில ஏதோ ஆபரேஷனாம்" ஆகிவிட்டது. "உன் அப்பா அம்மாகிட்ட எப்ப சொல்லணும்னு நாம சேர்ந்து முடிவு பண்ணலாம், அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும்" என்று அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். உங்கள் அம்மா மேல் கோபப்பட வேண்டாம். அவர் பயப்படுகிற மாதிரி நின்றுபோன கல்யாணங்களை அவர் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது வருகிறதென்றால், வரிசை மாறும். முதலில் டாக்டர், அதுவும் இன்றைக்கே. நள்ளிரவு என்றாலும் 14416-ஐ அழைக்கலாம், அரசின் இலவச மனநலச் சேவை, தமிழில் பேசுவார்கள். அவரிடம் சொல்வது அதற்கு அப்புறம். அவரைத் தனி ஆளாகக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். முன்பு எப்போதோ வந்து போன எண்ணம் என்றால், அதை எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம், முதல் நாளே சொல்லக் கடமை இல்லை.

சரி, பார்வை மாறுமா? மாறும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் கொட்டாவி விட்டால்கூட "ஓகேவா?" என்று பார்ப்பார், எரிச்சலாக இருக்கும். சில மாதத்தில் அது அடங்கிவிடுவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். சிலர் விலகிப்போவதும் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. விலகினால் தை மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

அந்த பி-காம்ப்ளெக்ஸ் டப்பாவை மட்டும் இன்றைக்கே காலி செய்துவிடுங்கள், அவரிடம் எப்போது சொன்னாலும் சரி. இனி அட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் இருக்கும். வாயில் புண் வந்தால் யாராவது ஹேண்ட்பேகைத் துழாவி வைட்டமின் என்று நினைத்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அம்மாவுக்குத் தெரியும், சரி. உங்கள் அறைத்தோழிக்குத் தெரியாதே.